முன்கோபியின் இரண்டு ஓட்டங்கள்

"குதிரையை மாத்திட்டாங்க சார்," என்றார் அச்சகக்காரம்மா. "நாப்பது நாளைக்கு முன்னாடி டிரையல்ல ஓடினது என் குதிரையே இல்லை. அந்த டிரெய்னர் வேற எதையோ ஓடவிட்டு என்னை நம்ப வச்சிட்டார். அதை நம்பித்தான் என் தம்பி போய்ச் சேர்ந்தான்."

"ஆள்மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கேன். குதிரைமாறாட்டம் இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் தம்பியைப் பறிகொடுத்தவரிடம் சிரிப்பை எதிர்பார்த்த நான்தான் மடையன். அத்தான் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தார். ஒரு கிடங்கு எரிந்ததற்கு மேலதிகாரி சொன்ன காரணத்தை எழுத மாட்டேன் என்று சொன்னதால் வெளியே வந்தார். அன்றிலிருந்து தனியாகத் துப்பறிகிறார். நான் அவருக்கு உதவியாளன். எனக்குச் சம்பளம் வருகிறது என்று அக்கா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அச்சகக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ரேஸ் மைதானத்துக்கு நிகழ்ச்சிப் புத்தகம் அடித்துக் கொடுப்பது அவருடைய அச்சகம்தான். எந்தக் குதிரை, எந்த எண், எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு பக்கத்தையும் அவரே பிழை பார்ப்பார். அவருடைய அறைக்குள் மை நாற்றமும் இயந்திரச் சத்தமும் சுவர் வழியாகவே வந்துகொண்டிருந்தன. மேஜை நிறைய ஈரம் காயாத தாள்கள். காற்றாடி சுற்றும்போது அவை பறக்காமல் இருக்க, ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ கறுப்பாக ஒன்றை மேலே வைத்திருந்தார். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார் அத்தான்.

சொன்னார். அம்மா இறந்தபோது தம்பிக்கு மூன்று வயது, அவருக்குப் பதினெட்டு. அவர்தான் வளர்த்தார். தம்பி குள்ளம், எடை குறைவு, பயம் கிடையாது, ஜாக்கி ஆனான். எவன் எவன் குதிரையிலோ பத்து வருஷம் ஓடிய பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன், அக்கா அவனுக்காக ஒரு குதிரை வாங்கினார். பழுப்பு நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டுகூடக் கிடையாது. கூட்டத்தில் விட்டால் எது என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடவிட்டால் உடனே தெரிந்துவிடும். கதவு திறந்ததும் பைத்தியம் பிடித்த மாதிரிப் பாயும். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகமாகப் போகும். லாயத்தில் எல்லாரும் அதை முன்கோபி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஆயிரம் மீட்டர், ஆயிரத்து இருநூறு மீட்டர். நாலு ரேஸ் ஓடிச்சு, நாலும் ஜெயிச்சுது. ஆனா பெரிய ரேஸ் ரெண்டாயிரத்து நானூறு மீட்டர். அதுக்கு இது தாங்காதுன்னுட்டாங்க. ஆரம்பத்துலயே எல்லாத்தையும் செலவழிச்சுட்டு, பாதி வழியில காலியா நிக்கும்னாங்க."

"அப்புறம் ஏன் ஓட விட்டீங்க?"

"அந்த டிரையல்தான் சார் காரணம்." கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பி ஒரு வீடியோவை ஓடவிட்டார்.

படத்தில் விடிந்தும் விடியாத வெளிச்சம், பனிமூட்டம். மூன்று குதிரைகள். மூன்றாவதாக ஒரு பழுப்புக் குதிரை, முன்னால் போகிற இரண்டையும் பார்த்தபடி, நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வூதியக்காரர் மாதிரி வந்தது. கடைசி நானூறு மீட்டரில் ஜாக்கி, அதாவது அவருடைய தம்பி, கையை லேசாகத் தளர்த்தினார். அது மற்ற இரண்டையும் தாண்டிக்கொண்டு போனது. படம் முடியும்போது ஜாக்கி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதா முன்கோபி?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றார் அவர். "முன்கோபி மேல ஏறி இறங்கினா தம்பி கையில தோல் இருக்காது. இழுத்து இழுத்து விரலெல்லாம் கொப்புளம். ஒவ்வொரு தடவையும் நான்தான் மருந்து போடுவேன். அந்த டிரையல் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்பவும் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போனேன். கையை விரிச்சுக் காட்டினான். ஒரு கீறல் இல்லை. 'குதிரைக்குப் புத்தி வந்துடுச்சுக்கா'ன்னான். நானும் நம்பிட்டேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்து, இது நல்ல துப்பு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். கொப்புளம் இல்லாத கை. எனக்கும் அது பிடித்திருந்தது.

பெரிய ரேஸில் நடந்ததை அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். குதிரை தொடக்கத்திலிருந்தே பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆயிரத்து இருநூறில் எல்லாரையும்விடப் பத்துக் குதிரை நீளம் முன்னால் இருந்தது. ஆயிரத்து எண்ணூறில் கால் பின்னிக்கொண்டது. தம்பி அடியில் மாட்டிக்கொண்டான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நினைவோடு இருந்தான். மூன்றாம் நாள் காலையில் இல்லை.

"டிரெய்னர் மேல புகார் குடுத்திருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. லைசென்ஸ் போகணும். குதிரைக்கு ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லிட்டேன். இன்னைக்கு நாலு மணிக்கு டாக்டர் வர்றார். மனுஷனைக் கொன்ன மிருகத்துக்குத் தீனி போட்டு வளர்க்க என்னால முடியாது."

சுவரில் நாலு வெற்றிக்கும் நாலு சட்டம் போட்ட படங்கள். அத்தான் எழுந்து போய் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் சும்மா இருக்க முடியாமல் மேஜை மேல் இருந்த கறுப்புச் சாமானைத் தூக்கினேன். விரல் தடிமன், ரெண்டு முனையிலும் ஒரு வளையம்.

"அதைத் தொடாதீங்க தம்பி," என்றார் அவர், சட்டென்று. "அவன் கடைசியா என் கையில குடுத்தது."

வைத்துவிட்டேன்.

"எல்லாப் படத்துலயும் வாயைத் திறந்து வச்சிருக்கு," என்றார் அத்தான் சுவரைப் பார்த்தபடியே. "தலையும் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. அம்மா, பெரிய ரேஸ் படம் இருக்கா?"

இருந்தது. மைதானத்துக்காரர்கள் எடுத்தது. அதிலும் வாய் திறந்திருந்தது. தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"டிரையல் படத்துல வாய் மூடியிருக்கு."

"வேற குதிரைன்னா வேற மாதிரிதானே சார் இருக்கும்," என்றார் அச்சகக்காரம்மா.

மறுத்துப் பேச முடியாத பதில். நாங்கள் கிளம்பும்போது மணி பன்னிரண்டு.

பேருந்தில் நான் வழக்கை முடித்துவிட்டேன். "டிரெய்னருக்கு நல்ல நெடுந்தூரக் குதிரை இன்னொண்ணு இருக்கும். பழுப்பு. பனிமூட்டத்துல அதை ஓடவிட்டு, 'பாரும்மா உன் குதிரை'ன்னு படம் காட்டியிருக்கார். ஜாக்கியும் கூட்டு. பெரிய ரேஸ்ல ஓடணும்னு ஆசை யாருக்குத்தான் இல்லை? முடிஞ்சுது அத்தான். அக்கா சாப்பாட்டுக்குக் காத்திருப்பா."

"தன் குதிரை தாங்காதுன்னு தெரிஞ்ச ஜாக்கி, ஆசைக்காக அது மேல ஏறி உட்காருவானா?"

"ஆசை கண்ணை மறைக்கும்."

"கையில கொப்புளத்தையும் மறைக்குமா? அக்காவை ஏமாத்தணும்னு நினைக்கிறவன் கையை விரிச்சுக் காட்ட மாட்டான் மாப்ள. மூடி வச்சிருப்பான்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் சொல்வது சரி என்று தெரியும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது வழக்கம்.

முன்கோபிக்கு லாடம் அடிப்பவரை முதலில் பார்க்கப் போனோம். லாடக்காரருடைய கொட்டகை மைதானத்துக்குப் பின்புறம், லாயங்களின் வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. அவர் ஒரு வெள்ளைக் குதிரையின் பின்னங்காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உதட்டில் நாலு ஆணிகளைக் கவ்வியபடி வேலை செய்துகொண்டிருந்தார். ஆணிகளை எடுக்காமலேயே பேசினார்.

"டிரையல் அன்னைக்கா? நல்லா ஞாபகம் இருக்கு. முன்கோபியோட முன் இடது லாடம் ஆடிப்போச்சு. ஓடி முடிச்ச கையோட இங்க கொண்டாந்தாங்க. நான்தான் அடிச்சேன்."

"ஓடினது முன்கோபிதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் அத்தான். "ரெண்டு பழுப்புக் குதிரை பக்கத்துல பக்கத்துல நின்னா..."

"சார், உங்களுக்கு முகம். எனக்குக் குளம்பு." ஓர் ஆணியை உதட்டிலிருந்து எடுத்து அடித்தார். "அதோட முன் இடது குளம்புல உள்பக்கமா ஒரு வெடிப்பு இருக்கு. குதிகால் ஒரு பக்கம் ஏத்தம், ஒரு பக்கம் இறக்கம். போலீஸ்காரனுக்குக் கைரேகை மாதிரி. ரெண்டு வருஷமா அந்தக் காலை நான்தான் மடியில வச்சிருக்கேன். என் பொண்டாட்டி காலை மாத்தி வச்சாக்கூட எனக்குத் தெரியாது. இது தெரியும்."

அழகாகக் கட்டிய என் கோட்டை ஒரே ஆணியில் சரிந்தது. டிரையலில் ஓடியதும் முன்கோபி, ரேஸில் ஓடியதும் முன்கோபி. ஒரே குதிரை ஒரு நாள் சாது, ஒரு நாள் பிசாசு.

"ஒரு விஷயம் மட்டும் அதிசயமா இருந்துச்சு," என்றார் லாடக்காரர். "கடிவாளத்தோட வந்து நின்னா அது தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கமா, இப்படி. ஆணி அடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வரும். அன்னைக்கு நின்ன இடத்துலயே தூங்கிருச்சு."

அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். "அன்னைக்கு என்ன கடிவாளம் போட்டிருந்தாங்க?"

"நான் கால் பக்கத்து ஆளு சார். முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு எங்க நேரம்?"

"கொஞ்சம் எங்களோட லாயம் வரைக்கும் வர முடியுமா? ஒரு அஞ்சு நிமிஷம். இன்னைக்கு மட்டும் அதோட முகத்தைப் பாருங்க."

லாடக்காரர் வெள்ளைக் குதிரையின் காலைக் கீழே விட்டார்.

முன்கோபியின் லாயத்தில் டிரெய்னர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"டிரையல்ல ஓடினது இதே குதிரைதான். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்லை," என்றார்.

"அது எங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றார் அத்தான். "டிரையலுக்கு என்ன கடிவாளம்?"

அவர் குதிரையின் வாயைப் பார்த்தார். "ரப்பர். வாய்க்குள்ள போற துண்டைச் சொல்றேன். அந்த வாரம் வாயோரம் கிழிஞ்சிருந்துச்சு. ஆறுற வரைக்கும் ரப்பர் போடலாம்னு ஜாக்கிப் பையன் சொன்னான்."

"ரேஸுக்கு?"

"இரும்பு. நடுவுல மூட்டு வச்சது. எப்பவும் போடறது."

"ரப்பர்ல நல்லா ஓடின குதிரைக்கு ஏன் மறுபடி இரும்பு?"

"போட்டேன். அவ்வளவுதான். என் தப்புன்னு எழுதிக்குங்க."

அத்தான் எழுதவில்லை. குதிரையிடம் போனார். மூன்று வாரக் காயம் தோளில் காய்ந்திருந்தது. ஊசி போட வருகிறார்கள் என்று அதற்கு யார் சொல்வது? அது அவருடைய சட்டைப் பையை முகர்ந்து பார்த்தது. ஊரே பயந்த முன்கோபி, எங்கள் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயைவிடச் சாதுவாக இருந்தது.

"இதோட வாயைத் திறந்து பாருங்களேன்," என்றார் அத்தான் லாடக்காரரிடம். "வலது பக்கம். வலிக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம்தானே தலையைச் சாய்க்கும்?"

லாடக்காரர் ஓரமாகக் கையை விட்டு மேல் ஈறைத் தடவிக்கொண்டே போனார். குதிரை பொறுமையாக நின்றது. கடைவாய்ப் பற்கள் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அவர் விரல் அழுத்தியதும் தலையைத் தூக்கிப் பின்னுக்குப் பாய்ந்தது. சுவரில் முட்டிக்கொண்டு நடுங்கியது.

லாடக்காரர் விரலைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை வாயில் ஆணி இல்லாமல் பேசினார். "ஈறுக்கு உள்ள ஒரு குட்டிப் பல் இருக்கு. சில குதிரைக்கு இருக்கும். வெளிய வராது, கண்ணுக்குத் தெரியாது. அதால ஒரு பிரயோசனமும் இல்லை. இரும்பு மூட்டு சரியா அது மேலதான் போய் இடிக்கும். பிடிச்சு இழுக்க இழுக்க அடிவிழும். ரப்பர் வளைஞ்சு குடுக்கும், படாது."

"அதாவது," என்றார் அத்தான், "பிடிக்கப் பிடிக்க ஏன் வேகமா ஓடுச்சுன்னா..."

"வலிக்குப் பயந்து ஓடியிருக்கு சார். எங்க போனாலும் வலி வாயிலயே இருக்கு. அப்புறம் எப்ப நிக்கும்?"

"தானம் குடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்வாங்க," என்றேன் நான். "காசு குடுத்து வாங்கின குதிரையைப் பார்த்திருக்கலாம்."

சொன்ன பிறகுதான் டிரெய்னரின் முகத்தைப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து வந்து குதிரையின் கழுத்தில் கை வைத்தார். "ரெண்டு வருஷம்," என்றார். "ரெண்டு வருஷமா இதைத் திமிர் பிடிச்சதுன்னு சொன்னேன். கையை இறுக்கிப் பிடிடான்னு பையனுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான். ரப்பர்ல அமைதியா வந்தப்பகூட, வயசு ஏற ஏற அடங்குதுன்னுதான் நினைச்சேன்."

"அந்த ரப்பர் கடிவாளத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"தொலைஞ்சுபோச்சு."

"எப்படி இருக்கும்?"

டிரெய்னர் குதிரையின் பிடரியைக் கோதினார். லாடக்காரர்தான் கையால் அளந்து காட்டினார். "ரப்பர்ல எல்லாமே இந்த அளவுதான் சார். ஒரு சாண். கறுப்பா, விரல் தடிமன். ரெண்டு முனையிலயும் வளையம்."

காலையில் அதை நான் என் கையால் தூக்கிப் பார்த்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தானுக்கு முன்னால் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

"அது தொலையலை அத்தான்," என்றேன். "அந்தம்மா மேஜையில இருக்கு."

டிரெய்னர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. கெஞ்சுகிற பார்வை. லாடக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தன் கொட்டகைக்கு நடந்தார்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன்," என்றார் டிரெய்னர். "ரேஸ் அன்னைக்கு, சேணம் பூட்டுற இடத்துக்கு அந்தம்மா வந்தாங்க. புதுப் புடவை, முகமெல்லாம் சிரிப்பு. வாயில ரப்பரைப் பார்த்ததும், 'நல்ல நாளும் அதுவுமா இது என்ன கறுப்பா? நாலு ரேஸ் ஜெயிச்ச ராசியான கடிவாளம் இருக்கும்போது'ன்னாங்க. நான் வேண்டாம்மான்னு சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன் சார். ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும். அதுக்குள்ள பையன், 'விடுங்க சார், அக்கா நிம்மதியா உட்கார்ந்து பார்க்கட்டும், நான் பிடிச்சுக்கிறேன்'னுட்டான். அவனே கழட்டி அவங்க கையில குடுத்தான். அவங்க கைப்பையில போட்டுக்கிட்டாங்க."

"ஆஸ்பத்திரியில?"

"ரெண்டாவது நாள் என்னைக் கூப்பிட்டான். இரும்பாலதான்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஏன்னு தெரியாது, ஆனா அதாலன்னு தெரியும். 'அக்காவுக்கு இது தெரிய வேணாம் சார். அவ தாங்க மாட்டா'ன்னான். வேற எதுவும் கேக்கலை." அவர் மறுபடி வாளி மேல் உட்கார்ந்தார். "என் லைசென்ஸ் போனாப் போகட்டும். எனக்கு இனிமே என்ன இருக்கு? அவங்க யாரையாவது திட்டிக்கிட்டு இருந்தாத்தான் உயிரோட இருப்பாங்க. என்னைத் திட்டட்டும்."

"குதிரையும் போகட்டுமா?" என்றார் அத்தான்.

டிரெய்னர் குதிரையைத் திரும்பிப் பார்த்தார். குதிரை மறுபடி வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது. வாயில்லா ஜீவன் என்று சும்மாவா சொன்னார்கள். வாயில் இருந்த வலியை வாய் விட்டுச் சொல்ல முடிந்திருந்தால் ஒரு மனிதன் பிழைத்திருப்பான்.

மணி இரண்டரை. பேருந்தில் முழுக்க நான் ஒரு ஜோக் கூட அடிக்கவில்லை.

"பல்லைப் பத்தி மட்டும் சொல்லிடலாம் அத்தான்," என்றேன். "பல் இருந்துச்சு, வலிச்சுது, ஓடிச்சு. யார் மேலயும் தப்பில்லை. குதிரை பிழைக்கும், டிரெய்னர் பிழைப்பார். கடிவாளப் பேச்சே வேண்டாம்."

"அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டு வர்றேன்," என்றார். "ஆனா அவங்க பிழை பார்க்கிறவங்க மாப்ள. ஒரு எழுத்து விட்டுப்போனாலும் கண் அங்கேயே போய் நிக்கும்."

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு அச்சகத்துக்குள் நுழைந்தோம். அத்தான் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொன்னார். லாடக்காரரின் குளம்புச் சாட்சி. ஈறுக்குள் பல். இரண்டு வருஷ வலி. குதிரை யாரையும் கொல்ல நினைக்கவில்லை. டிரெய்னர் எதையும் மாற்றவில்லை. டாக்டரை வரச் சொல்ல வேண்டியது பல்லை எடுக்கத்தான். சொல்லும்போது அவர் மேஜையைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அச்சகக்காரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "சரி சார்," என்றார். "பல் ரெண்டு வருஷமா இருக்கு. அப்போ டிரையல் அன்னைக்கு மட்டும் ஏன் வலிக்கலை?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சில நாள் வலி குறைவா இருக்கும்மா."

"சார்."

"அன்னைக்கு வேற கடிவாளம் போட்டிருந்தாங்க."

"என்ன கடிவாளம்?"

அத்தான் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். நான் மேஜையைப் பார்த்தேன். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய கண்கள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் படித்தன. பிறகு என்னிடமே நின்றன. காலையில் நான் தூக்கிய இடத்தை அவரும் பார்த்தார்.

கையை நீட்டி அந்தக் கறுப்பு ரப்பரை எடுத்தார். தாள்கள் ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

"இதுவா?"

அத்தான் தலையாட்டினார்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றார் அவர். மெதுவாக, ஒரு வரியைப் படித்துச் சரிபார்க்கிற குரலில். "ராசி இல்லைன்னு சொன்னேன். அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை."

"நீங்க நிம்மதியா உட்கார்ந்து பார்க்கணும்னு சொன்னாராம்மா," என்றேன் நான். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"டிரெய்னருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மூணு வாரமா அவரைக் கொலைகாரன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாரா?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு உங்க தம்பி கேட்டுக்கிட்டாராம்," என்றார் அத்தான்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு எழுந்து போக ஒரு வழி கிடைத்திருக்கும். தொலைபேசியை எடுத்து டாக்டரிடம், ஊசி வேண்டாம், வாயைப் பார்க்க வேண்டும் என்றார். என்ன பல், எந்தப் பக்கம் என்று ஒரு தவறும் இல்லாமல் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, விசாரணைக் குழுவுக்கு நாலு வரி எழுதினார். புகாரைத் திரும்பப் பெறுவதாக முதல் வரி. கடிவாளத்தை மாற்றச் சொன்னது யார் என்பது இரண்டாவது வரி. அதில் தன் பெயரை முழுசாக எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, விட்டுப்போன ஒரு புள்ளியைச் சிவப்புப் பேனாவால் வைத்து, மடித்து அத்தானிடம் கொடுத்தார்.

"பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு சொல்லித்தான் உங்ககிட்ட அனுப்பினாங்க," என்றார். "நான் வேற யார்கிட்டயாவது போயிருக்கணும்."

நாங்கள் கதவு வரைக்கும் போய்விட்டோம். பின்னால் அவர் கூப்பிட்டார்.

"சார். ஒண்ணே ஒண்ணு. அந்த ரப்பரோடவே விட்டிருந்தா, ரெண்டாயிரத்து நானூறும் ஓடியிருக்குமா?"

அத்தான் திரும்பினார். டிரையல் படத்தை அவரும் பார்த்திருந்தார், நானும் பார்த்திருந்தேன். கடைசி நானூறு மீட்டரில் அது எவ்வளவு தெம்பாகப் போனது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு பொய்யை எழுத மறுத்துப் பதினெட்டு வருஷ உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்த மனிதர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஓடியிருக்காதும்மா," என்றார். "எப்படியும் தாங்கியிருக்காது. ஆயிரத்து இருநூறுதான் அதோட எல்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அச்சகக்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பொய் வரலை சார்," என்றார். "கதவைச் சாத்திட்டுப் போங்க."